மூன்று நிறம், ஒரு சால்வை: கைப்பின்னலுக்கு நூல் நிறங்களைத் தேர்ந்து இணைக்கும் முறை

இரண்டு ஊசிகளில் கம்பளி நூல் பின்னப் பழகி, ஒரே நிறத்தில் ஒரு மஃப்ளரையோ குழந்தைத் தொப்பியையோ முடித்தவர்கள் அடுத்து ஆசைப்படுவது பெரும்பாலும் பல நிறச் சால்வைக்குத்தான். பின்னும் வேலையைப் பொறுத்தவரை அது எளியது. கண்ணிகளைக் கூட்டவும் குறைக்கவும் தேவையில்லாத நீண்ட செவ்வகம் அது. பொறுமை இருந்தால் போதும். கடினமெல்லாம் நிறத்தில் இருக்கிறது. கடை அடுக்கில் தனித்தனிக் கண்டுகளாகக் கண்ணைப் பறித்த மூன்று நிறங்கள், பின்னி முடித்த பிறகு ஒன்றையொன்று மங்கச் செய்து, அழுக்கேறிய துணியைப் போலத் தோன்றுவது பலருக்கும் நேர்கிறது. இதை ரசனைக் குறைவு என்று நினைத்து மனம் தளர வேண்டியதில்லை. கண்டில் நிறம் உள்ளங்கை அகலப் பரப்பாகத் தெரிகிறது. பின்னலிலோ அதே நிறம் அரை சென்டிமீட்டர்கூட இல்லாத கண்ணிகளாகச் சிதறி, பக்கத்து நிறத்தோடு கலந்து கண்ணை வந்தடைகிறது. இந்த அளவு மாற்றத்தை முன்கூட்டியே சோதித்துப் பார்க்கும் வழிகள் சில உண்டு. அவற்றை வேலை நடக்கும் வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

நம்மில் பலருடைய கண் சேலையில் பழகிய கண் என்பதால் இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு நிறமாகவும் கரை அதற்கு நேர் எதிரான நிறமாகவும் கோர்வையாக நெய்யப்படுவதைப் பார்த்துப் பார்த்து, அரக்குக்கு மயில்கழுத்து, கிளிப்பச்சைக்கு வாடாமல்லி, மாம்பழ மஞ்சளுக்குக் கத்தரிப்பூ நிறம் என்று இணை சொல்லும் பழக்கம் நமக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. அது நல்ல பயிற்சிதான். ஆனால் அங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முழப் பரப்போ, குறைந்தது ஒரு சாண் கரையோ கிடைக்கிறது. எதிர் நிறங்கள் ஒரே ஒரு கோட்டில்தான் சந்திக்கின்றன. அதே அரக்கையும் அதே மயில்கழுத்தையும் இரண்டிரண்டு வரிசைக் கோடுகளாகப் பின்னிப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால், இரண்டும் கலந்து பழுப்புச் சாம்பலாகத் தெரியும். எதிர் நிறங்கள் அருகருகே பெரிய பரப்பில் நிற்கும்போது ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். நுண்ணிய அளவில் கலக்கும்போது ஒன்றையொன்று அழிக்கும். மயில்கழுத்து நிறமே இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமுமாக நீலத்தையும் பச்சையையும் நெய்துதான் அந்த மினுமினுப்பு வருகிறது. நீலமும் பச்சையும், வானவில் வரிசையில் நிறங்களை வட்டமாக அடுக்கிய நிறச் சக்கரத்தில் அண்டை நிறங்கள் என்பதால், கலந்தாலும் உயிரோடு இருக்கின்றன. ஆகவே நுண்ணிய கோடுகளுக்கு அண்டை நிறம், அகலமான பட்டைகளுக்கு எதிர் நிறம் என்ற இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடிப்படை நிறத்தை முடிவு செய்தல்

சால்வையை யார், எந்த உடையின் மேல், எங்கே போர்த்தப் போகிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். உதகையிலோ கொடைக்கானலிலோ குளிர் நாட்டிலோ இருப்பவருக்குக் கம்பளி நூல் பொருந்தும். சமவெளியில் குளிரூட்டிய அலுவலகத்திலும் பேருந்திலும் தோளில் போட்டுக்கொள்பவருக்குப் பருத்தி நூல் போதும். நம் ஊர்க் கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். விலை குறைவு, சாயமும் எளிதில் இறங்காது என்பதால் முதல் சால்வைக்கு அது தாழ்ந்த தேர்வன்று. பருத்தி ஒளியை உள்வாங்கி நிறத்தைச் சற்று மட்டாகக் காட்டும், மெர்சரைஸ்டு பருத்தியும் பட்டும் பளபளப்பாகக் காட்டும், மொஹேர் போன்ற மயிர் எழும்பிய நூல்கள் இரண்டு நிறங்களின் எல்லையையே கரைத்துவிடும். எனவே மூன்று நிறங்களையும் ஒரே வகை, ஒரே பருமன் நூலில் வாங்குவதே முதல் முறைக்கு நல்லது.

அணிபவரின் அலமாரியைத் திறந்து அவர் அடிக்கடி உடுத்தும் நான்கைந்து உடைகளைப் பாருங்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் நிறத்தையே சால்வையின் அடிப்படையாக வைத்தால் அது உடைக்குள் தொலைந்துபோகும்; அவற்றோடு ஒத்துப்போகும், ஆனால் அவற்றைவிடத் தெளிவாகவே அடர்ந்த அல்லது வெளிறிய ஒரு நிறமே அடிப்படையாகட்டும். பிறகு அந்த நூலை முகத்தருகே பிடித்து, சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேலைக் கடையில் துணியை வாசலுக்கு எடுத்து வந்து விரித்துப் பார்க்கும் நம் வழக்கம் நூலுக்கும் அப்படியே பொருந்தும், ஏனெனில் இரண்டு நூல்கள் கடையின் விளக்கொளியில் ஒரே நிறமாகத் தெரிந்து, பகலில் வேறு வேறாகப் பிரிவதுண்டு. இணையத்தில் வாங்குபவர்கள் திரையில் தெரியும் நிறத்தை நம்பி ஆறு கண்டுகளை ஒரே தடவையில் வரவழைப்பதைவிட, முதலில் நிறத்துக்கு ஒரு கண்டு வரவழைத்துச் சோதித்துவிட்டு, மொத்த நூலையும் அதன் பிறகு ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியில், வாங்குவது பாதுகாப்பானது.

மொத்தம் எத்தனை நிறம்? முதல் சால்வைக்கு மூன்று போதும் என்று அழுத்தமாகவே சொல்வேன். மூன்று நிறங்களுக்கிடையே மூன்று இணைகள்தான் உள்ளன. நான்காகும்போது ஆறு இணைகளும் ஐந்தாகும்போது பத்து இணைகளும் பொருந்தியாக வேண்டும். நிறம் ஒன்று கூடுவதற்குள் சோதனை இரண்டு மடங்காகிவிடுகிறது.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன்: அடிப்படையாக அரக்கு, துணையாகச் சந்தன நிறம், சிறு அளவில் மயில்கழுத்து.

நிறத்துக்கு முன் அடர்த்தி

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் படி இதுதான். நான் மிக முக்கியமாகக் கருதுவதும் இதைத்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் சிவப்பு, நீலம் என்ற பெயரைத் தவிர, அது எவ்வளவு இருண்டது, எவ்வளவு வெளிறியது என்ற ஒரு தன்மை உண்டு. பின்னலில் உருவம் தெளிவாகத் தெரிவதும் தெரியாததும் முதன்மையாக இந்த இருட்டு-வெளிச்ச வேறுபாட்டைப் பொறுத்தது. பெயரில் இரண்டு நிறங்கள் எவ்வளவு விலகி இருந்தாலும், அடர்த்தியில் சமமாக இருந்தால் தொலைவிலிருந்து அவை ஒன்றாகிவிடும்.

சோதிப்பது எளிது. மூன்று கண்டுகளையும் ஒட்டி வைத்து, நிழல் விழாத பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து, அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் சந்தனம் வெளிர் சாம்பலாகத் தனித்து நிற்கும். அரக்கும் மயில்கழுத்தும் மட்டும் ஏறக்குறைய ஒரே அடர் சாம்பலாகத் தெரியும். நேரில் ஒன்று செம்மையாகவும் மற்றொன்று நீலப்பச்சையாகவும் இருந்த இரண்டும் இப்படி ஒன்றாகிப்போவதைக் கண்ணால் பார்த்த பிறகு, அவற்றை அடுத்தடுத்த வரிசைகளில் வைக்கக் கூடாது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது. படம் எடுக்க வசதியில்லாதபோது கண்களைப் பாதி மூடிச் சுருக்கிப் பார்த்தாலும் கிட்டத்தட்ட இதே விவரம் கிடைக்கும். கைப்பேசிச் செயலிகள் சில, சிவப்பை உள்ளதைவிட இருண்டதாகக் காட்டுவதால், இரண்டு வழியிலும் பார்த்துவிடுவது நல்லது.

அதற்காக மயில்கழுத்தைக் கைவிட வேண்டியதில்லை. அடர்த்தியில் சமமான இரண்டு நிறங்களுக்கிடையே வெளிறிய மூன்றாவது நிறத்தை நிறுத்தினால் போதும். அரக்கு, சந்தனம், மயில்கழுத்து, மறுபடி சந்தனம், அரக்கு என்ற வரிசையில் ஒவ்வோர் எல்லையும் கூர்மையாகத் தெரியும். நீலகிரியின் தோடர்கள் போர்த்தும் புத்துக்குளி இதற்கு நல்ல சான்று. அது பின்னலன்று, நெய்த பருத்திப் போர்வையில் செய்யப்படும் பூத்தையல். 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் வருவன சிவப்பும் கருப்பும், இரண்டும் அடர்ந்தவை. ஆனால் சுற்றிலும் பரந்திருக்கும் வெண்மையான துணி அவற்றைத் தாங்கி நிற்பதால், மிகச் சிறிய கட்டங்களும் தொலைவிலிருந்தே எழுந்து தெரிகின்றன. பெரும்பரப்பு ஒன்று வெளிறியதாகவும் மற்ற இரண்டும் அடர்ந்தவையாகவும் இருக்கும் இந்த அமைப்பை முதல் சால்வைக்கு நம்பி எடுத்துக்கொள்ளலாம்.

சில நிறங்களின் இயல்பான அடர்த்தியை நினைவில் வைத்திருந்தால் கடையிலேயே உதவும். மஞ்சள் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் வெளிறிய வகையைச் சேர்ந்தது. கத்தரிப்பூ ஊதா எவ்வளவு மென்மையாகத் தோன்றினாலும் அடர்ந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே மாம்பழ மஞ்சளும் கத்தரிப்பூவும் தாமாகவே பிரிந்து நிற்கும். இலைப்பச்சையும் செங்கல் சிவப்பும் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து விழும். வெளிர் நிறத்துக்குப் பால் வெள்ளையைத் தேடுவதைவிடச் சந்தனம், வெளிர் சாம்பல், தானிய நிறம் ஆகியவற்றைத் தேடுங்கள். வெளுத்த வெள்ளை அடர்ந்த நிறத்தின் பக்கத்தில் கண்ணைக் கூசச் செய்வதோடு, மற்ற நூல்களின் சாயம் சிறிதளவு இறங்கினாலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பக்கத்து நிறம் செய்யும் மாற்றம்

பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் யூஜீன் ஷெவ்ரல் 1824-ல் பாரிசிலுள்ள கோபெலின் திரைச்சீலைக் கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கூடத்தில் சாயமேற்றிய கருப்புக் கம்பளி நூலில் அழுத்தம் இல்லை என்று புகார் இருந்தது. அவர் அந்த நூலை வேறிடத்துக் கருப்பு நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அதில் குறையேதும் இல்லை. நெசவில் அதன் அருகே வந்த நீலமும் ஊதாவும்தான் கருப்பை வலுவிழந்ததாகக் காட்டின. இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, அடுத்தடுத்து நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்பதை 1839-ல் நூலாக வெளியிட்டார். நூலில் சாயம் சரியாகவே இருந்தும் துணியில் நிறம் மாறித் தெரிவதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. நமக்கு வேண்டியது இதன் பயன்பாடுதான்: சாம்பல் நூல் ஒன்றை அரக்கின் அருகே வைத்தால் அதில் லேசான பச்சைச் சாயல் தோன்றும், அதையே நீலத்தின் அருகே வைத்தால் ஆரஞ்சுச் சாயல் தோன்றும். எனவே எந்த நூலையும் தனியாக எடுத்துப் பார்த்து முடிவு செய்யாமல், சால்வையில் அதன் இரு பக்கத்திலும் வரப்போகும் நிறங்களோடு சேர்த்தே பாருங்கள்.

அப்படிப் பார்க்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, இரண்டு நூல்களைச் சேர்த்து முறுக்கிக் கயிறு போலாக்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பது. முறுக்கில் இரு நிறங்களும் தனித்தனிக் கோடுகளாகத் தெரிந்தால் அவை நுண்ணிய வேலைப்பாட்டுக்கும் பொருந்தும். கலந்து ஒரு புது நிறமாகி அது அழகாகவே இருந்தால், அந்த இரண்டையும் இணைத்தே பின்னலாம். கலங்கிய பழுப்பாகிவிட்டால் அவற்றை ஒட்டி வைக்கவே வேண்டாம். இரண்டாவது வழி, அஞ்சலட்டை அளவு அட்டை ஒன்றில் நூல்களை நெருக்கமாகச் சுற்றுவது. அட்டையின் நீளத்தைச் சால்வையின் நீளமாக எண்ணி, எந்த நிறம் எவ்வளவு வர வேண்டுமோ அந்த விகிதத்தில் சுற்றுங்கள். முதலில் மூன்றும் சம அளவு, அடுத்து ஒன்று பாதிக்கு மேலாகவும் மற்றவை குறைவாகவும், பிறகு வரிசையை மாற்றி என்று மூன்று நான்கு அட்டைகள் செய்து, சுவரில் சாய்த்து வைத்து, ஒரு பகல் முழுவதும் வெவ்வேறு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அரை மணி நேர வேலை. செலவாகும் நூலைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும்.

மூன்றையும் சம அளவில் சுற்றிய அட்டையில் எந்த நிறமும் தலைமை ஏற்காததால் அது பொதுவாகத் தட்டையாகத் தெரியும். நம் எடுத்துக்காட்டுக்கு அரக்கு 55 விழுக்காடு, சந்தனம் 30, மயில்கழுத்து 15 என்று வைத்துக்கொள்வோம். மிகப் பளிச்சென்ற நிறத்துக்கு மிகக் குறைந்த பங்கு தருவது புதியவருக்கு எப்போதும் கைகொடுக்கும்.

பல நிறம் கலந்து சாயமேற்றிய நூலைச் சேர்க்க விரும்பினால் ஓர் எச்சரிக்கை. அத்தகைய நூலில் ஏற்கெனவே உள்ள ஒரு நிறத்தையே துணை நிறமாகத் தேர்வது வழக்கம். ஆனால் அப்போது அந்த நிறம் வரும் இடங்களிலெல்லாம் கலப்பு நூல் துணை நூலுக்குள் மறைந்து, கோடு அறுபட்டதுபோலத் தோன்றும். அதே நிறக் குடும்பத்தில் இரண்டு படி அடர்ந்த அல்லது இரண்டு படி வெளிறிய ஒற்றை நிறத்தை எடுத்தால் உறவும் இருக்கும், பிரிவும் இருக்கும். இரண்டு கலப்பு நூல்களை ஒரே சால்வையில் மோதவிடுவதைத் தேர்ந்த கைகளுக்கு விட்டுவிடலாம்.

எந்தப் பின்னல்

சால்வையின் இரண்டு முகங்களும் வெளியே தெரியும். தோளில் மடிந்து விழும்போது உட்புறம் முன்னால் வந்துவிடுகிறது. ஆகவே ஒரு முகம் மட்டும் அழகாகத் தெரியும் பின்னல்களைவிட, எல்லா வரிசையும் நிட் கண்ணியாகவே போடும் கார்ட்டர் பின்னல் சால்வைக்குப் பொருத்தமானது. அதில் இரண்டு வரிசைகள் சேர்ந்து ஒரு வரப்பாக மேலெழும். இனி நான் சொல்லும் கணக்குகள் எல்லாம் வரப்புக் கணக்குகளே.

கார்ட்டரில் நிறம் மாற்றும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. புதிய நிறத்தை நன்முகத்தை, அதாவது வெளிப்புறம் என்று நீங்கள் வைத்துக்கொண்ட முகத்தை, பார்த்தபடி தொடங்கினால், அந்த முகத்தில் எல்லை சுத்தமான கோடாகவும், மறுமுகத்தில் இரு நிறமும் புள்ளிப் புள்ளியாகக் கலந்த கோடாகவும் விழும். எல்லா நிற மாற்றங்களையும் ஒரே முகத்தில் செய்யுங்கள். சில இங்கும் சில அங்கும் ஆகிவிட்டால் இரண்டு முகமும் தடுமாறித் தெரியும். நன்முகம் எது என்பது பின்னிக்கொண்டு போகும்போது மறந்துவிடும் என்பதால், தொடக்கத்திலேயே அந்த முகத்தில் ஓர் ஊக்கைக் குத்தி வையுங்கள்.

மாதிரித் துண்டும் சாயச் சோதனையும்

நூறு கிராமுக்கு 400 மீட்டர் வரும் மெல்லிய நூலையும் 4 மில்லிமீட்டர் ஊசியையும் எடுத்துக்கொண்டால், கார்ட்டரில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுமார் 22 கண்ணிகளும், 10 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுமார் 22 வரப்புகளும் வரும். கையிறுக்கத்தைப் பொறுத்து இது மாறும். 30 கண்ணிகள் போட்டு, மூன்று நிறங்களும் வரும்படி, சால்வையில் நினைத்திருக்கும் அதே பட்டை அகலங்களில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள். அதைச் சுவரில் மாட்டிவிட்டு அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள். பின்னுகிறவர் எப்போதும் ஓரடித் தொலைவிலிருந்தே பார்க்கிறார். மற்றவர்கள் சால்வையைப் பார்க்கும் தொலைவு அதுவன்று.

அடுத்து நூலின் சாயத்தைச் சோதிக்க வேண்டும். அரக்கு, கருஞ்சிவப்பு, கருநீலம், கருப்பு ஆகியவை சாயம் இறங்கக்கூடியவை. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு முழ நூலை வெட்டி, வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புத் திரவத்தோடு அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்திப் பாருங்கள். துணியில் கறை விழுந்தால் பின்னுவதற்கு முன்பே அந்த நூலை அலச வேண்டும். கண்டாக உருட்டியபடியே அலசினால் உள்ளே நீர் புகாது. நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, நீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். கம்பளி என்றால் ஊறவைக்கும் நீரும் அலசும் நீரும் ஒரே வெப்பத்தில் இருக்கட்டும், தேய்க்கவும் வேண்டாம். இல்லாவிட்டால் நூல் சுருங்கித் திரண்டுவிடும். பருத்தி நூலைச் சுடுநீரிலேயே அலசலாம். புதுத் துணியைக் கல்லுப்பு நீரில் ஊறவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பருத்தியில் ஒட்டாமல் நிற்கும் மிகைச் சாயத்தை உப்பு பிணைத்துவிடாது, நீரில் கழுவி வெளியேற்றுவதுதான் வழி. எவ்வளவு அலசியும் நிறம் நிற்காத நூலை வெளிர் நிறத்தோடு சேர்க்காமல், வேறொரு வேலைக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

எவ்வளவு நூல்

50 சென்டிமீட்டர் அகலமும் ஏறக்குறைய 180 சென்டிமீட்டர் நீளமும் உள்ள சால்வைக்கு, மேற்சொன்ன நூலில் சுமார் 900 மீட்டர் தேவைப்படும். அகலத்துக்கு 110 கண்ணிகள். நீளத்துக்கு 396 வரப்புகள். ஒரு வரப்புக்கு இரண்டேகால் மீட்டருக்குச் சற்று அதிகம். நம் விகிதப்படி அரக்கு 495 மீட்டர், சந்தனம் 270, மயில்கழுத்து 135. நூல் 50 கிராம் கண்டுகளாக, கண்டுக்கு 200 மீட்டராகக் கிடைத்தால், முறையே மூன்று, இரண்டு, ஒன்று என ஆறு கண்டுகள் வாங்க வேண்டும். உங்கள் கைக்கு இந்தக் கணக்கு பொருந்துகிறதா என்று பார்க்க, சால்வையைத் தொடங்கியதும் பத்து வரப்புகளுக்கு முன்னும் பின்னும் கண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஆறு கிராமுக்கு அருகில் குறைந்திருந்தால் கணக்கு சரி. எட்டு கிராம் குறைந்திருந்தால் நூல் போதாது, உடனே கடைக்குப் போங்கள்.

உடனே என்று சொல்வதற்குக் காரணம் லாட் எண். கண்டைச் சுற்றிய தாளில் நிற எண்ணோடு லாட் எண்ணும் அச்சாகியிருக்கும். ஒரே நிற எண்ணாக இருந்தாலும், வேறு லாட்டில் சாயமேற்றிய நூல் கண்ணுக்குத் தெரியும் அளவு வேறுபடலாம். ஒரே நிறத்தின் எல்லாக் கண்டுகளும் ஒரே லாட்டில் இருக்கட்டும். கிடைக்காதபோது, அல்லது லாட் எண்ணே இல்லாத கைச்சாய நூலாக இருக்கும்போது, இரண்டு கண்டுகளையும் ஒரு வரப்பு இதிலும் ஒரு வரப்பு அதிலுமாக மாற்றி மாற்றிப் பின்னினால் வேறுபாடு பரவி மறைந்துவிடும்.

வரிசை அமைத்தல்

மூன்று நிறங்களையும் 55, 30, 15 என்ற விகிதத்தில் வைத்து, அரக்கும் மயில்கழுத்தும் ஒருமுறைகூடத் தொட்டுக்கொள்ளாத எளிய அமைப்பு இது: அரக்கு 22 வரப்பு, சந்தனம் 6, மயில்கழுத்து 6, சந்தனம் 6. மொத்தம் 40 வரப்பு, சுமார் 18 சென்டிமீட்டர். இதை ஒன்பது முறை பின்னி, இறுதியில் அரக்கு 22 வரப்போடு முடித்தால் இரு முனையும் ஒன்றுபோல அமைந்து, நீளம் சுமார் 174 சென்டிமீட்டர் வரும். வாங்கிய ஆறு கண்டுகளுக்குள் வேலை முடியும். முடிக்கும் வரிசைக்கு மட்டும் சால்வை அகலத்தைப்போல நான்கைந்து மடங்கு, அதாவது இரண்டு முதல் இரண்டரை மீட்டர் அரக்கு நூலைக் கையில் வைத்திருங்கள்.

இந்த அமைப்பு ஒழுங்கானது. சிலருக்கு அதிக ஒழுங்காகவும் படலாம். மயில்கழுத்துப் பட்டையை ஓரிடத்தில் இரண்டு வரப்பாகவும் இன்னோரிடத்தில் பத்து வரப்பாகவும் மாற்றி, மொத்தத்தை மட்டும் 54 வரப்பாக வைத்துக்கொண்டால் சால்வைக்கு ஓர் ஓட்டம் வரும். பட்டை அகலங்களுக்கு 1, 2, 3, 5, 8 என்று முந்தைய இரண்டையும் கூட்டி வளரும் வரிசையைப் பல பின்னல்காரர்கள் கையாள்கிறார்கள். அடுத்தடுத்த பட்டைகள் சமமாகிவிடாமல் அது பார்த்துக்கொள்கிறது.

பட்டைகளாக இல்லாமல் ஒரு நிறம் இன்னொன்றாகக் கரைய வேண்டுமென்றால், முதல் நிறத்தில் 5 வரப்பு, இரண்டாவதில் 1, பிறகு 4-க்கு 2, 3-க்கு 3, 2-க்கு 4, 1-க்கு 5 என்று பின்னுங்கள். முப்பது வரப்புகளில், ஏறக்குறைய 14 சென்டிமீட்டரில், மாற்றம் முடிந்துவிடும். இங்கே தொடக்கத்தில் சொன்ன விதி திரும்ப வருகிறது: கரைதல் என்பது நுண்ணிய கலப்பு. அரக்கிலிருந்து செங்கல் நிறத்துக்கோ, மயில்கழுத்திலிருந்து இலைப்பச்சைக்கோ கரையலாம். அரக்கிலிருந்து மயில்கழுத்துக்கு நேராகக் கரைந்தால் நடுவில் ஒரு கை அகலம் சேற்று நிறமாகிவிடும்.

பின்னும் திசையும் நிறத்தோடு சேர்ந்த முடிவுதான். 110 கண்ணிகள் போட்டு அகலவாக்கில் பின்னினால், முன்னால் தொங்கும் முனைகளில் பட்டைகள் குறுக்காகத் தெரியும். எந்த நிறத்தில் தொடங்கி முடிக்கிறீர்களோ அதுவே எல்லோர் கண்ணிலும் முதலில் படும். நீண்ட வட்ட ஊசியில் சுமார் 396 கண்ணிகள் போட்டு நீளவாக்கில் பின்னினால், கோடுகள் தோளிலிருந்து கீழ்நோக்கி ஓடும். நீள விளிம்பில் இருக்கும் நிறம் கழுத்தை ஒட்டி, முகத்துக்குப் பக்கத்தில் வரும். முகத்துக்கு எடுப்பான நிறம் சந்தனம்தான் என்று சன்னலோரத்தில் கண்டிருந்தால், இந்த அமைப்பில் இரண்டு நீள விளிம்புகளையும் சந்தனத்துக்கே கொடுங்கள்.

நிறம் மாற்றும் ஒவ்வோர் இடத்திலும் பழைய நூலைப் பதினைந்து சென்டிமீட்டர் விட்டு வெட்டி, பிறகு அதே நிறக் கண்ணிகளுக்குள் செலுத்தி மறைக்க வேண்டும். முடிச்சு போட்டால் அது ஒரு நாள் மறுமுகத்துக்கு வந்து எட்டிப்பார்க்கும். ஆறு வரப்புக்குள் திரும்ப வரப்போகும் நூலை வெட்டாமல், ஒவ்வொரு வரப்பின் தொடக்கத்திலும் ஓடும் நூலோடு ஒரு சுற்று பிணைத்து விளிம்பிலேயே மேலே கொண்டு செல்லலாம். இழுத்துப் பிடிக்காதீர்கள், விளிம்பு சுருங்கினால் சால்வை ஒரு பக்கமாக வளையும்.

முதல் 40 வரப்புகள் முடிந்ததும் ஊசியோடு துண்டைத் தரையில் விரித்து, மறுபடி ஒரு கருப்பு வெள்ளைப் படம் எடுங்கள். மூன்று நிறங்களும் மூன்று சாம்பலாகவோ, சந்தனம் மட்டும் தெளிவாகப் பிரிந்தோ தெரிந்தால் தயங்காமல் தொடரலாம். ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றினால், பிரிப்பதற்கு முன் பளிச்சென்ற நிறத்தின் பட்டையைப் பாதியாக மடித்து மறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் குறை நிறத்தில் இருக்காது, அதன் அளவில் இருக்கும். அப்படியானால் அடுத்த பட்டைகளில் அந்த நிறத்துக்கு மூன்று வரப்பு மட்டும் கொடுத்து, மீதியைச் சந்தனத்துக்குத் தந்துவிடலாம். முதல் பட்டை மட்டும் சற்று அகலமாக இருப்பது சால்வையின் மறுமுனையிலும் அதே அளவில் ஒரு பட்டை வந்தால் திட்டமிட்டதாகவே தெரியும். பாதியாக மறைத்தும் பொருந்தாவிட்டால், நாற்பது வரப்பிலேயே பிரித்துவிடுவது நல்லது.

முடித்த சால்வையை முதல் முறை நனைக்கும்போது குளிர்ந்த நீரையே பயன்படுத்துங்கள். ஊறப்போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாமல் பதினைந்து நிமிடத்தில் எடுத்து, முறுக்கிப் பிழியாமல், துண்டில் உருட்டி நீரை ஒற்றி, நிழலில் தட்டையாக விரித்து உலர்த்துங்கள். ஈரமான அரக்குப் பட்டை சந்தனத்தின் மேல் மடிந்து கிடக்காமல் பார்த்துக்கொள்வது அவசியம். ஒவ்வொரு நிறத்திலும் மிஞ்சும் சில மீட்டர் நூலை அதன் லாட் தாளோடு சுற்றி எடுத்து வையுங்கள். பின்னொரு நாள் விளிம்பில் ஒரு கண்ணி அறுந்தால், அதே சாயத்தில் நூல் அந்தச் சிறு சுற்றில் மட்டுமே கிடைக்கும்.